புதுச்சேரிப் பூனைக்கு எத்தனை பெயர்?

உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளுள் ஒன்றான துரும்பன் பூனை, நம் புதுச்சேரியில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான் விஞ்ஞானப் பெயர் பெற்றது. 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜெஃப்ராய் செயின்ட் இலேர் அதை ஃபெலிஸ் ரூபிஜினோசா என்றார். ரூபிஜினோசா என்றால் துரு நிறம். சாம்பல் மேனியில் துருப் புள்ளிகள். நன்றாக வளர்ந்ததே ஒன்றரைக் கிலோதான் தேறும்! பின்னாளில் பிரியோனைலூரஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். மீன்பிடிப் பூனையும் சிறுத்தைப் பூனையும் அதே பேரினம்தான். வகைப்பாட்டை இத்தோடு விடுகிறேன், எனக்குப் பிடித்தது ஊர்ப்பெயர்கள்.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன் அல்லவா, பழைய மாணவர்கள் ஊரிலிருந்து படம் அனுப்புவார்கள். "சார், கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டி கிடைச்சுது." பெரிதாக்கிப் பார்ப்பேன். கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை நாலு கருங்கோடுகள் ஓடும். "சிறுத்தை இல்லப்பா, துரும்பன் பூனை. எடுத்த இடத்துலயே வெச்சிடு, தாய் தேடி வரும்" என்பேன். பக்கத்தில் நிற்கும் பெரியவர் விடமாட்டார். "வெருகுன்னு சொல்லுங்க சார், எங்க தாத்தா காலத்துப் பேரு!" வெருகு என்பது காட்டுப் பூனைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். அவரோடு நான் வாதாடுவதில்லை.

சிறுத்தை என்று நினைப்பது நம்மவர் மட்டுமா? இலங்கையில் சிங்களவர் இதைக் கொல திவியா என்கிறார்கள். திவியா என்றால் சிறுத்தை. கொழும்பு அருங்காட்சியகத்தை நடத்திய தெரணியாகல, 1956இல் அங்குள்ள ஒரு துணையினத்துக்குக் கொலதீவியஸ் என்று பெயரிட்டார். கேட்டீர்களா? கிராமத்தார் வாயில் புழங்கிய பெயர், லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு புத்தகத்தில் ஏறிவிட்டது! இலங்கையின் இன்னொரு துணையினம் பிலிப்சி. அங்கே பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய பிலிப்ஸின் பெயர் அது.



நேரம் முடிகிறது. உங்கள் பக்கத்தில் இந்தச் சிறு பூனையை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப்பெயரோடு ஒரு அஞ்சலட்டையில் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். புதுச்சேரிக்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.