ஏட்டில் ஏறாத செலவு

(கிளைச் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

     

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்காவின் சுகாதாரச் சட்டம். "நம்முடைய சம்பளப் பேச்சே நமக்குப் பெரும்பாடாக இருக்கிறது, அமெரிக்காக்காரன் வைத்தியச் செலவு நமக்கெதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் உலகத்திலேயே வைத்தியத்துக்கு அதிகப் பணம் கொட்டுகிற நாடு அது. அந்த நாட்டின் இரண்டு பெரிய கட்சிகள், நோயாளியின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி நிற்கின்றன. அந்தச் சண்டையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதிய கணக்கு

சங்க வேலைக்கு வருமுன் நான் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். செக்ரோல் எழுதுவதும் மாதச் செலவுக் கணக்கைத் தயார் செய்வதும் என் வேலை. ஓர் ஆண்டு, மருந்துச் செலவைக் குறைக்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. தினமும் வந்துகொண்டிருந்த டிரெஸர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரலானார். ஆண்டு முடிவில் 'வைத்தியம்' என்ற தலைப்பில் செலவு பாதியாகக் குறைந்திருந்தது. அந்தத் தொகையை நானே கூட்டி எழுதிக் கீழே கோடு போட்டேன். துரை என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே ஆண்டில் லயத்து அம்மா ஒருவருக்குக் காலில் உளி பட்டுவிட்டது. டிரெஸர் வரும் நாள் மூன்று நாள் தள்ளியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நிரைக்குப் போனார். காயம் சீழ் பிடித்தது. பிறகு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. கார்க் கூலிக்கு மகளின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இருபத்திரண்டு நாள் அந்த அம்மாவுக்குப் பேர் இல்லை. செக்ரோலில் அந்த இருபத்திரண்டு நாளும் 'வரவில்லை' என்று குறி போட்டதும் இந்தக் கைதான்.

தோழர்களே! அந்தத் தோடும், கார்க் கூலியும், போன சம்பளமும் என் ஏட்டில் எந்தத் தலைப்பிலும் ஏறவில்லை. தோட்டத்துக்குச் செலவு குறைந்தது. அந்த வீட்டுக்குச் செலவு ஏறியது. மொத்தத்தில் கூடியதா குறைந்ததா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வாருங்கள்.

வேலையோடு கட்டிய வைத்தியம்

அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளில் கம்பெனி டாக்டர் என்று ஒருவர் இருப்பார். அவருக்குரிய பணம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும்; ஆனால் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது கம்பெனி. சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் இதை எதிர்த்துப் போராடினார். 1946இல், அரசாங்கம் சுரங்கங்களைத் தன் பொறுப்பில் எடுத்திருந்த சமயத்தில், ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சென்ட் தொழிலாளர் நலநிதிக்கு என்று முடிவாயிற்று. அந்த நிதியைக்கொண்டு 1956இல் பத்து ஆஸ்பத்திரிகள் திறக்கப்பட்டன. நிலக்கரித் தொழில் சுருங்கியதும் நிதியும் சுருங்கியது. 1960களின் முற்பகுதியிலேயே அந்த ஆஸ்பத்திரிகள் கைவிட்டுப் போயின.

மற்றத் தொழில்களில் கதை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள், ஆள் போய்விடாமலிருக்க வைத்தியக் காப்புறுதி கொடுத்தார்கள். யுத்தத்துக்குப் பின் சங்கங்களும் அதைக் கூட்டு ஒப்பந்தங்களில் கேட்டு வாங்கின. அன்று போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. வேலை போனால் காப்புறுதியும் போகும். காப்புறுதி கொடுக்காத முதலாளியிடம் இருப்பவரும், முன்னமே நோய் கண்டவரும் அந்நாட்களில் தனியே காப்புறுதி வாங்கப் போனால், ஒன்று விலை எட்டாமலிருந்தது. அல்லது கம்பெனி சேர்த்துக்கொள்ளாமலிருந்தது.

1945இல் ஜனாதிபதி ட்ருமன் நாட்டுமக்கள் எல்லோருக்கும் ஒரே காப்புறுதித் திட்டம் வேண்டுமென்று காங்கிரசைக் கேட்டார். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது; திட்டம் கவிழ்ந்தது. இருபது ஆண்டு கழித்து, 1965இல், ஜனாதிபதி ஜான்சன் 65 வயதானோருக்கு 'மெடிக்கேர்', ஏழைகளுக்கு 'மெடிக்கெய்ட்' என்ற இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்துக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியினரிலும் பலர் வாக்களித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஜான்சன் முதியவர் ட்ருமனின் ஊருக்கே போய்க் கையெழுத்திட்டு, முதல் மெடிக்கேர் அட்டையை அவரிடமே கொடுத்தார்.

2010ஆம் ஆண்டுச் சட்டம்

இந்த இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றவர்கள் பல கோடிப் பேர். 2010இல் காப்புறுதி இல்லாதவர்கள் சுமார் 4 கோடியே 80 லட்சம் பேர். அவர்களுக்காக ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி பராக் ஒபாமா அந்த ஆண்டு மார்ச் 23ஆம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். முன்னமே நோய் உண்டென்று காப்புறுதிக் கம்பெனி எவரையும் தள்ளக்கூடாது, குறைந்த வருமானக்காரருக்குத் தவணை கட்ட அரசாங்கம் உதவும், மெடிக்கெய்ட் விரிவடையும், காப்புறுதி வாங்காதவர் அபராதம் கட்டவேண்டும். அன்று சட்டத்தின் சாரம் இதுதான்.

பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 219, எதிர்ப்பு 212. ஆதரித்தவர்களில் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட இல்லை. 1965க்கும் 2010க்கும் இடையில் அந்நாட்டு அரசியல் எவ்வளவு பிளந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செலவைப் பற்றித்தான் பெரும் சண்டை. காங்கிரசின் வரவுசெலவுக் கணக்கு அலுவலகம் எந்தக் கட்சியையும் சேராதது. புதிதாகக் காப்புறுதி கொடுக்கப் பத்து ஆண்டில் சுமார் 93,800 கோடி டாலர் ஆகும் என்று அது மதிப்பிட்டது. அதே அலுவலகம், புதிய வரிகளையும் மெடிக்கேரில் பிடிக்கும் சிக்கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் அரசாங்கத்தின் பற்றாக்குறை 14,300 கோடி டாலர் குறையும் என்றும் சொன்னது. ஒரு கட்சி முதல் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியது; மறுகட்சி இரண்டாம் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒரே தாளில் இருந்த இரண்டையும் சேர்த்து மக்களுக்கு வாசித்துக் காட்டியவர்கள் குறைவு.

எதிர்த்தவர்கள் சொன்னது என்ன?

எதிர்த்தவர்களை ஏளனம் செய்வது எளிது. நான் செய்யப்போவதில்லை. "வரி முன்னே தொடங்குகிறது, உதவியில் பெரும்பகுதி 2014இல்தான் தொடங்குகிறது, அதனால் பத்து ஆண்டுக் கணக்கு அழகாகத் தெரிகிறது" என்றார்கள். அது உண்மை. "ஒருவனை ஒரு பொருளை வாங்கச் சொல்லி அரசாங்கம் கட்டாயப்படுத்தலாமா?" என்றார்கள். அதுவும் கேட்கவேண்டிய கேள்வியே. 2012இல் உச்சநீதிமன்றம் அந்த அபராதம் ஒரு வரிதான் என்று கூறி 5க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. ஆனால் மெடிக்கெய்டை விரிப்பது மாநிலங்களின் விருப்பம் என்றும் தீர்ப்பளித்தது.

ஒபாமா ஒரு தவறும் செய்தார். இப்போதுள்ள காப்புறுதி பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மக்களுக்கு வாக்களித்தார். 2013இல் பலருக்குப் பழைய காப்புறுதி நிறுத்தப்படுவதாகக் கடிதம் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. நல்ல சட்டத்துக்கும் பொய்யான வாக்குறுதி பாரம்தான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதே மாதிரி, காப்புறுதியைக் கட்டாயமாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் மிட் ராம்னி, குடியரசுக் கட்சிக்காரர். நம்மவர் சமைத்தால் பாயசம், அடுத்தவர் சமைத்தால் விஷம் என்ற வழக்கம் எல்லா நாட்டு அரசியலிலும் உண்டு.

சங்கங்களுக்கு வந்த சோதனை

நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். சட்டத்துக்குப் பணம் தேட, விலை உயர்ந்த காப்புறுதித் திட்டங்களின்மேல் 40 சதவீத வரி போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட திட்டங்கள் பெரிய அதிகாரிகளிடம் மட்டுமா இருந்தன? சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, வேலைநிறுத்தம் செய்து, சங்கங்கள் வாங்கிவைத்த திட்டங்களும் அதில் அகப்பட்டன. காப்புறுதி இல்லாத ஏழைக்குக் கொடுக்க, காப்புறுதியைப் போராடி வாங்கிய தொழிலாளியிடம் எடுப்பதா என்று சங்கங்கள் கேட்டன. வரி தள்ளித் தள்ளிப் போடப்பட்டு, ஒரு நாள்கூட வசூலாகாமல் 2019இல் நீக்கப்பட்டது. சங்கங்கள் வென்றன. ஆனால் வரவுப் பக்கத்தில் ஒரு வரி கிழிந்தது. அந்த இடத்தில் வேறு எதை எழுதுவது என்ற கேள்விக்கு எவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நம் உரிமையைக் காப்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

ஒரே தாளில் இரண்டு எண்கள்

சட்டத்தால் பலன் இல்லாமலில்லை. 2016இல் காப்புறுதி இல்லாதோர் சுமார் 2 கோடியே 80 லட்சமாகக் குறைந்தனர். ஆயினும் அரசாங்க உதவி கிடைக்காத நடுத்தரக் குடும்பங்களுக்குப் பல மாநிலங்களில் தவணை கடுமையாக ஏறியது. அந்தக் கோபமும் உண்மையானதே.

2017இல் குடியரசுக் கட்சி ஆட்சிக்கு வந்து சட்டத்தை மாற்ற முனைந்தது. மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 217க்கு 213 என்று அவர்களுடைய மசோதா நிறைவேறியது. அதைப்பற்றிக் கணக்கு அலுவலகம் எழுதிய தாளில் இரண்டு எண்கள் இருந்தன. பத்தாண்டில் பற்றாக்குறை 11,900 கோடி டாலர் குறையும். 2026க்குள் காப்புறுதி இல்லாதோர் 2 கோடியே 30 லட்சம் பேர் கூடுவர். என் பழைய செலவு ஏடும் செக்ரோலும் அங்கே ஒரே தாளில் ஒன்றாகக் கிடந்தன! ஜூலை 28ஆம் தேதி செனட் சபையில் கடைசி முயற்சி 49க்கு 51 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் மூவரில் ஜான் மெக்கெயின் ஒருவர். 2010இல் இதே சட்டத்தை எதிர்த்தவர் அவர். மூளையில் புற்றுநோயோடு வந்து நின்று கையைக் கீழே காட்டினார்.

சண்டை அதோடு ஓயவில்லை. 2025 ஜூலையில் வந்த ஒரு சட்டம் மெடிக்கெய்ட் பெறும் பலருக்கு மாதம் 80 மணி நேர வேலை போன்ற நிபந்தனைகளை விதித்தது. வீண்செலவை ஒழிக்கிறோம் என்றார்கள் ஆதரித்தவர்கள். 2034இல் காப்புறுதி இல்லாதோர் சுமார் 1 கோடி கூடுவர் என்றது கணக்கு அலுவலகம். அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து 43 நாள் அரசாங்க அலுவல்கள் முடங்கின. தவணைக்குக் கொடுத்துவந்த கூடுதல் உதவியை நீட்டிக்க வேண்டுமென்று ஜனநாயகக் கட்சி பிடிவாதம் பிடித்ததே காரணம். அதை நிரந்தரமாக்கினால் பத்தாண்டில் சுமார் 35,000 கோடி டாலர் ஆகும் என்பது மறுப்பு. டிசம்பர் முடிவில் அந்த உதவி தீர்ந்தது.

உதவி தீர்ந்தால் நோய் தீர்ந்துவிடுமா? 2023இல் அந்நாட்டில் வைத்தியத்துக்கு ஆன மொத்தச் செலவு 4 லட்சத்து 90 ஆயிரம் கோடி டாலர். தலைக்கு 14,500 டாலருக்கு மேல். அரசாங்கம் கொடுக்காததை முதலாளி கொடுக்கவேண்டும்; முதலாளி கொடுக்காததைக் குடும்பம் கொடுக்கவேண்டும்; குடும்பத்தாலும் முடியாதபோது உடம்பு கொடுக்கிறது.

நாம் செய்யவேண்டியது

நம் நாட்டு அரசாங்க கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் உள்ள பெருஞ்செலவை வரிப்பணம் தாங்குகிறது. 2023 ஜூனில் மக்களவை சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதிலும் உண்டு. நாளை எந்தக் கட்சி எந்தத் திட்டத்தோடு வந்தாலும், அது என்ன கட்சி என்று பார்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். செலவு குறையும் என்றால் யாருடைய ஏட்டில் குறையும்? அங்கே குறைந்தது யாருடைய ஏட்டில் ஏறும்? வேலை போன மறுநாளும் அந்த வைத்தியம் கிடைக்குமா?

கேட்டால் மட்டும் போதாது. கையில் கணக்கு இருக்கவேண்டும். ஆகையால் இந்தக் கிளைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நோயால் போன நாள், கார்க் கூலி, வெளியில் வாங்கிய மருந்து, அடகு வைத்த நகை எல்லாம் அதில் ஏறட்டும். வெட்டுமரத்துத் தோழர்கள் சொல்லுங்கள், கிராணிமார்கள் எழுதுங்கள். எழுதத் தெரிந்த கை எதை எழுதாமல் விடுகிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதல் பக்கத்தில் என் பதிவு ஒன்று: கால் காயம், இருபத்திரண்டு நாள், ஒரு ஜோடித் தோடு.