நோய் வந்த வீட்டின் வரவு செலவு
(சுங்கை பெசார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நோயின் பெயர் உங்களுள் பலருக்குப் புதிதாக இருக்கும். மல்டிபல் ஸ்கிளிரோசிஸ் என்று மருத்துவர்கள் அதனை அழைக்கின்றனர். 1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தெளிவுற விளக்கினார். மின்கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பது போன்று நம் நரம்புகளின்மேலும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அவ்வுறையை அரித்துவிடுகிறது. பின்னர் மூளையின் கட்டளை கைகால்களுக்குச் சரிவரச் சென்று சேர்வதில்லை.

நம் நாட்டில் இஃது அரிய நோயே. எனினும், பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில், உழைத்துச் சம்பாதிக்கும் பருவத்தில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. அரிய நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ எதுவாயினும், நீண்ட நோய் வந்த வீட்டின் கணக்கு ஒன்றே.

பால்மரம் வெட்டும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறார். ஒரு நாள் ஒரு கண் மங்குகிறது. சில வாரங்களில் அது தெளிந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்துக் கால் மரத்துப்போகிறது. பால்வாளியைத் தூக்கினால் தள்ளாடுகிறார். வெயில் ஏற ஏறச் சோர்வும் ஏறுகிறது. ஓய்வெடுத்தால் மீண்டும் நடக்கிறார். இந்நோயின் இயல்பு அதுதான். ஆனால் பார்ப்பவர்களோ சோம்பல் என்பார்கள், செய்வினை என்பார்கள். தாயத்துக்குப் போகும் பணத்தை நான் இங்கே கணக்கிடப் போவதில்லை.

அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைக் காணக் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் இங்கிருந்து கோலாலம்பூர் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். வாடகைக் காருக்கு ஆகும் செலவு அந்த ஐந்து வெள்ளியைப்போல் பன்மடங்கு. துணைக்குச் செல்லும் கணவரின் ஒரு நாள் கூலியும் போய்விடும். தனியார் மருத்துவமனையிலோ இந்நோய்க்குரிய ஊசிமருந்துக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் செலவாகும். இவற்றோடு தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆகவேதான் உங்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ என்று பிடிக்கப்படும் சிறு தொகையைப் பற்றிச் சொல்ல வந்தேன். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்திட்டத்திற்கு உங்கள் சம்பளத்திலிருந்து ஏறத்தாழ நூற்றுக்கு அரை வெள்ளி செல்கிறது. வேலையிடத்து விபத்துக்கு மட்டுமே அது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தீராத நோயினால், நலமுள்ள தொழிலாளி ஈட்டும் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவர் என்று மருத்துவ வாரியம் முடிவு செய்தால், இயலாமைப் பென்ஷன் உண்டு. சராசரிச் சம்பளத்தில் பாதி முதல் நூற்றுக்கு 65 வரை அது கிடைக்கும். சராசரி 1,700 வெள்ளியாயின், குறைந்தது 850 வெள்ளி. இடைவிடாத பராமரிப்புத் தேவைப்படுவோருக்கு அதற்கென மாதம் 500 வெள்ளி தனியே உண்டு.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். உடல் முடியவில்லை என்றதும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் அமர்ந்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் மாதத்திற்கு முந்திய 40 மாதங்களுள் 24 மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றரை ஆண்டு சும்மா இருந்தால் இக்கணக்கு இடிக்கும். நெடுங்காலம் சந்தா கட்டியவர்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஆயினும் அதனை நம்பிக் காத்திருப்பானேன்? 60 வயதுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

முதலில் மருத்துவ விடுப்பை எடுங்கள். ஈராண்டுக்குட்பட்ட சேவைக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். சீட்டுகள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். சேமநிதிப் பணத்தை மீட்கவும் வழியுண்டு. என் எண்ணத்தில் அதனைக் கடைசியாகத் தொடுவதே நல்லது, ஏனெனில் அது ஒரே முறை வந்து தீர்ந்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் நான் சற்று நேரம் இங்கேயே இருப்பேன். வீட்டில் நோயாளி உள்ளவர்கள் சம்பளச் சீட்டுகளை எடுத்து வந்தால், எத்தனை மாதச் சந்தா ஏறியிருக்கிறது என்று கிராணியாரோடு சேர்ந்து எண்ணிப் பார்த்துவிடலாம்.