அழுக்காறும் பொதுவாழ்வும்

(பரங்கிப்பேட்டையில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அழுக்காற்றைப்பற்றிப் பேசுமாறு எமக்குக் கட்டளையிட்டீர்கள். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்க, யாம் புதிதாகச் சொல்லத்தக்கது யாது? ஒன்று மட்டும் உண்டு. அண்டை வீட்டான் செல்வங் கண்டு வேகின்றவன் தன் வீட்டளவில் வெந்துபோகின்றான். பொதுக்காரியத்திற் புகுந்த அழுக்காறோ, விதி, கணக்கு, முறைமை என்னும் நல்ல வேடங்களைப் பூண்டு வருகின்றது. அதனை இனங்காண்டல் அரிது. வேடம் பூண்டவனுக்கே அரிது.

நம் கடற்கரையோடு வடக்கே சென்றால் கடலூரையடுத்துத் தேவனாம்பட்டினம் உளதன்றோ? ஆங்கிலேயரின் செயிண்ட் டேவிட் கோட்டை இருந்தது அங்கேதான். 1758-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரி வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜூன் தொடக்கத்தில் அக்கோட்டையைக் கைப்பற்றினார். வீரத்திற் குறைந்தவரல்லர் அவர். ஆனால் அக்காலத்தில் ஐதராபாத்தில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். 1751 முதல் நிஜாமின் தர்பாரில் செல்வாக்குடன் வாழ்ந்து, வடசர்க்கார் நாட்டைத் தம் தேசத்தார்க்குத் தேடித் தந்தவர்; இந்நாட்டு மன்னரின் மனப்போக்கை நன்கறிந்தவர். அவரை லாலி தெற்கே வரவழைத்தார். சென்னையைப் பிடிக்கப் படை வேண்டும் என்பது காரணம். அது பொய்யுமன்று. எனினும் வந்தவரின் யோசனை ஒவ்வொன்றையும் ஐயுற்றார். புஸ்ஸி நீங்கிய வடசர்க்காரில் 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டணமும் ஆங்கிலேயர் கையிற் சேர்ந்தது.

இனிச் சொல்வது எம் நெஞ்சை விட்டகலாத செய்தி. லாலியின் படையில் கர்னல்கள் அறுவர் இருந்தனர். பிரான்சு தேசத்துப் பெருங்குடிகளிற் பிறந்தவர்கள். பதவி வரிசையில் புஸ்ஸிக்கு மேற்பட்டவர்கள். அவ்வறுவரும், புஸ்ஸியைத் தங்களுக்கு மேலாக நியமிக்க வேண்டுமென்று தாமே கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். தம்மினும் தகுதியுடையானுக்குத் தாமாகவே இடம்விட்டனர். நம் சங்கங்களில் இங்ஙனம் ஒரு காகிதம் என்றேனும் எழுதப்பட்டதுண்டா? லாலியோ, புஸ்ஸியின் பணம் செய்த வேலை இது என்று எண்ணினார். அழுக்காறு கொண்ட கண்ணுக்குப் பெருந்தன்மையும் கையூட்டாகவே தோன்றும் போலும்!

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் லாலி தோற்றார், புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. 1766-இல் பாரிஸ் நகரில் லாலியின் தலை வெட்டப்பட்டது. பணமுடையும் கப்பற்படை துணைநில்லாமையும் அத்தோல்விக்குக் காரணங்களே. எல்லாப் பழியையும் அழுக்காற்றின்மேற் சுமத்துதல் நியாயமாகாது. அவர் அடைந்த தண்டனையும் குற்றத்திற்கு மிஞ்சியதே.

நிற்க. ஊரார் கதையைச் சொல்லி எம் கதையை மறைத்தல் தகாது. இரண்டாண்டுகளுக்கு முன் இச்சங்கத்து இளைஞர் ஒருவர், ஏழை மாணவர் படிப்புக்கென நிதியொன்று திரட்டத் தீர்மானம் கொணர்ந்தார். கணக்கு முறை தெளிவில்லை என்று சொல்லி அதனை ஒத்திவைக்கச் செய்தவர் யாமே. கணக்கு முறை தெளிவாகத்தான் இருந்தது. நேற்று வந்த பிள்ளைக்கு இப்பெயரா என்பதே எம் உள்ளத்தில் இருந்தது. அவ்வாண்டு நம்மவருள் ஒரு பெண் செவிலியர் படிப்பிற்கு இடம் பெற்றும் பணமின்றி நின்றுவிட்டாள். இப்போது கடையொன்றில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வழியே செல்லும்போது தெருவின் எதிர்ப்பக்கமாக நடக்கின்றோம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் அத்தீர்மானம் மறுபடி வந்துள்ளது. அவ்விளைஞரும் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவரே முன்மொழியட்டும். வழிமொழிபவர் என்ற இடத்தில் எம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகின்றோம்.