மூச்சுக்குழாய்க்குள் ஒரு விளக்கு

1897-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் மருத்துவர் குஸ்டாவ் கில்லியனிடம் ஒரு விவசாயி வந்தார். பன்றி எலும்புத் துண்டு ஒன்று அவருடைய மூச்சுக்குழாயில் சிக்கியிருந்தது. கில்லியன் தொண்டையை மரத்துப்போகச் செய்தார். நேரான உலோகக் குழாயைச் செலுத்தி எலும்பை எடுத்துவிட்டார். கழுத்தில் கத்தி படவில்லை. மூச்சுக்குழாய்க்குள் விளக்குடன் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியின் தொடக்கம் அதுதான்.

நேர்க்குழாய் நுரையீரலின் சிறு கிளைகளுக்குள் வளைந்து போகாது. 1960-களில் கண்ணாடி இழைகளைக் கொண்டு வளையும் கருவியை உருவாக்கி அந்தக் குறையைத் தீர்த்தவர், ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா.

இன்று அந்தக் கருவி பென்சிலைவிட மெல்லியது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ போகும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் சதைத் துணுக்கைக் கிள்ளி எடுக்கலாம். சளியே வராதவருக்குக் காசநோயா என்று அறிய, உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சிச் சோதிக்கலாம்.

மூச்சு அடைத்துவிடுமோ என்பதே பலருடைய பயம். நியாயமான பயம்தான். ஆனால் கருவியைச் சுற்றிக் காற்று போக இடமிருக்கிறது. ஆக்சிஜன் அளவையும் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். இருமல் வரும், அது இயல்பு. முடிந்தபின், தொண்டை மரப்பு நீங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வேர்க்கடலை தின்ற குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, பிறகு இருமலோ இளைப்போ நீடித்தால், கடலை தின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் சிக்கிய கடலை எக்ஸ்ரே படத்தில் தெரியாது.