மக்கள் குறையும் மலைத் தோட்டங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே மக்கள் தொகை குறைந்து வருவதைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். "படித்த பிள்ளைகள் தோட்டத்தை மறந்து கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகிறார்கள்; தேரிழுக்கவும் ஆள் தேட வேண்டியிருக்கிறது" என்று பெரியோர் வருந்துகின்றனர். "லயத்திலே இருந்து எதைக் காண்பது?" என்று வாலிபர் கேட்கின்றனர். இரண்டையும் நடுநிலையோடு ஆராய்வோமாக.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். தோட்டங்களில் ஆள் குறைந்தது வாலிபராலே தொடங்கியதன்று. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியிலே, லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிடப்பட்டது. அத்தொழிலை மலையெங்கும் பரப்பிய உழைப்பாளரின் சந்ததியாரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமையற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இங்கே உரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் சுமார் 11,75,000 பேர். 1981இல் சுமார் 8,18,000 பேர். தம்மை இலங்கைத் தமிழரெனப் பதிந்துகொண்டோரும் உளரெனினும், கப்பலேறியோரே இக்குறைவுக்குப் பெருங்காரணமாவர். ஒப்பந்தத்தாலே குறைந்ததை உபதேசத்தாலே நிறைத்தல் இயலாது.

பிற நாடுகள் என் செய்தன? யப்பான், மக்கள் குறைந்த கிராமங்களுக்கென 1970இல் தனிச்சட்டம் இயற்றி, வீதி, வைத்தியசாலை, பாடசாலை முதலியவற்றுக்குப் பணம் வழங்கியது. ஆயினும் அக்கிராமங்களிலே மக்கள் குறைவது நிற்கவில்லை. நோர்வே 1990 முதல் வேறொரு வழியையும் கையாண்டு வருகிறது. வடகோடிப் பிரதேசத்திலே வசித்துத் தொழில் செய்வோருக்கு வருமான வரியைக் குறைத்து, படிப்புக் கடனிலும் ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. இடத்துக்குச் செய்யும் உதவியோடு, அங்கே வாழும் ஆளுக்கும் நேரே பயன் சேரவேண்டுமென்பதே இதன் கருத்து.

நம் நாட்டிலும் சில நன்மைகள் நிகழ்ந்துள்ளன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தாராளமாகப் பணஞ் செலவிட முடியாதிருந்தது. 2018இல் அத்தடை திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும் வந்தது. இவை போதுமா? ஏழு பேர்ச்சிலே குடியிருக்கலாம், பிழைக்க முடியாது.

ஆகவே மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, வீட்டோடு காணி உறுதியும் குடும்பத்தின் கைக்கு வரல் வேண்டும். இரண்டாவது, இலங்கைத் தேயிலையிற் பெரும்பங்கு இன்று சிறு தோட்டக்காரராலேயே விளைகிறது. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அரசாங்க நிறுவனங்கள் நடத்தும் தோட்டங்களிலே காடு மண்டிய நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நெடுங்காலக் குத்தகைக்குக் கொடுத்தால், கூலியாயிருந்தவர் பயிர்ச்செய்கையாளராவார். மூன்றாவது, கண்டி நகரிலே வேலை பார்க்கும் பிள்ளை இரவில் வீடு திரும்ப நல்ல பாதையும் பேருந்தும் இருக்குமாயின், தோட்டத்தை விட்டுக் குடிபெயர வேண்டியதில்லை. தேயிலைக் கொழுந்து பறித்தாற்றான் தோட்டத்தவர் என்ற எண்ணத்தை நாமும் விட்டுவிட வேண்டும்.

பெரியோர்களே, போகும் பிள்ளையைப் பழியாதீர்கள். உரிமையில்லாத கூரையின் கீழ் அவனை இருத்த எவராலும் இயலாது. வாலிபர்களே, பிரதேச சபை வரவுசெலவுத் திட்டம் வகுக்கும் காலத்தில் உங்கள் தோட்டத்தின் தேவைகளை எழுதிக் கொடுங்கள். காணி உறுதி கிடைக்காத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதத் துணைநில்லுங்கள். போவதும் இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் இருக்க விரும்புகிறவன் இருக்க வழியின்றிப் போகலாகாது. அவ்வழியைத் திறப்பதே நமது சங்கத்தின் பணியாகுக.