பூதக்கண்ணாடியும் பிள்ளையின் கேள்வியும்

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் உங்கள் வீட்டுப் பின்வளவில் இருக்கும் பூச்சாடி ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். ஈர மண்ணில் சாம்பல் நிறச் சிற்றுயிர்கள் ஓடும். அவற்றை இங்கே ஸ்லேட்டர் என்பார்கள். நான்கு வயதுப் பிள்ளையிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "இதுக்கு எத்தனை கால்?" என்று மட்டும் கேளுங்கள்.

வளர்ந்த ஸ்லேட்டருக்கு ஏழு சோடி, மொத்தம் 14 கால்கள். எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. ஆக, இது பூச்சியும் இல்லை, சிலந்தியும் இல்லை. நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சு விடுவதால்தான் ஈரத்தைத் தேடி ஒதுங்குகிறது. எண்ணுவது, ஒப்பிடுவது, ஏன் என்று கேட்பது, மூன்றும் அந்தப் பூச்சாடி அடியிலேயே நடந்துவிடுகின்றன.

"சைல்ட்கேரில் விளையாட்டு மட்டும்தானா, எப்போது படிப்பிப்பார்கள்?" என்று நம் பெற்றோர் பலர் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்காக ஆஸ்திரேலியாவில் 2009இல் வந்த தேசியக் கற்றல் சட்டகம், விளையாட்டு வழிக் கற்றலையே அடித்தளமாகக் கொண்டது. வீட்டு மொழியையும் அது மதிக்கிறது. அதனால் அம்மம்மாவோடு தமிழில் கதைத்தபடி ஸ்லேட்டரைப் பார்ப்பதும் முழுமையான கல்விதான்.

உற்றுப் பார்ப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹுக் என்றொரு துணி வியாபாரி இருந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். தாமே செய்த சிறு வில்லைகளால், 1670களில், ஒரு துளி நீருக்குள் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். உற்றுப் பார்க்கும் பழக்கமே அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

மழை நாளில் சமையலறை போதும். கறுப்புத் தாளில் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் சீனியும் தூவிக் கண்ணாடியால் பாருங்கள். உப்பு மணிகள் பல குட்டிச் சதுரப் பெட்டிகளாகத் தெரியும். சீனி வேறு வடிவம். பருத்திச் சேலையின் தலைப்பில் பாவும் ஊடும் மாறி மாறிப் போவது தெரியும். தெளிவாகும் வரை கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தப் பிள்ளையையே விடுங்கள். அதுவே ஒளியியலின் முதல் பாடம்.

கவனமும் வேண்டும். கண்ணாடியால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. வெயில் படும் ஜன்னலோரம் அதை வைத்தால் தீப்பிடிக்கலாம். சிட்னியில் ஃபனல்வெப், ரெட்பேக் என்னும் நச்சுச் சிலந்திகள் உண்டு. அதனால் சாடியையும் கல்லையும் பெரியவர்கள்தான் புரட்ட வேண்டும். பார்த்து முடிந்ததும் உயிர்களை அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

பெற்றோரிடம் ஒரே வேண்டுகோள். பிள்ளை கேட்டவுடன் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்? இன்னொரு தரம் பாப்பமா?" என்று கேளுங்கள். தவறான விடை வந்தாலும் பொறுத்திருங்கள். திரும்பப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் பிள்ளைதான் அறிவியலைக் கற்கிறது. இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள்.