கூட்டத்துக்குள் கதைக்கும் ரொபோ

(பார்க்டேலில் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



1980களின் கடைசியில் ஜேம்சன் அவெனியூவில் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேர் இருந்த காலம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். பாதிப்பேர் பிறகு ஸ்காபரோ, மார்க்கம் என்று போய்விட்டோம். அந்த அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்போம். ஆனாலும் ஆர் ஆரோடை கதைக்கிறது என்று எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. மனிதக் கூட்டத்தின் நடுவே நின்று கேட்டுப் பதில் சொல்லவேண்டிய ரொபோவுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல்.

தனியொருவரோடு கதைக்கும் இயந்திரம் புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாங்கள் தட்டெழுதியதையே அது கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். இருந்தும் அவருடைய செயலாளரே அவரை வெளியில் போகச் சொல்லிவிட்டு அதனோடு மனம்விட்டுக் கதைத்தாராம். அதைச் செய்த மனிதரே பயந்துபோனார். (அவரும் எங்களைப்போலத்தான், 1936இல் குடும்பத்தோடு நாஜி ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதச் சிறுவன்.)

கூட்டத்துக்கென்று செய்யும் ரொபோவுக்குப் பல மைக்குகள் பூட்டுகிறார்கள். குரல் எந்த மைக்கை முதலில் எட்டுகிறது என்பதை வைத்து அது திசையைப் பிடிக்கிறது. கமரா வாயசைவையும் முகம் திரும்பிய பக்கத்தையும் பார்க்கிறது. ஆனால் கதைத்தவர் முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா? மனிதர் மாறிமாறிக் கதைக்கையில் இடைவெளி பெரும்பாலும் ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்குதான். எங்கட விருந்துகளில் அதுவும் இல்லை!

எங்கட நகரத்திலேயே, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் கோல்டி நெஜாத்தின் ஆய்வுகூடம் 'டாங்கி' என்ற ரொபோவைச் செய்தது. முதியோர் இல்லத்தில் கூடியிருப்போருக்கு அது பிங்கோ இலக்கங்களைக் கூப்பிட்டது. கமராவால் அவரவர் அட்டையைப் பார்த்து உதவியும் செய்தது. சிரிக்காதேயுங்கோ. ஆர் எப்ப கதைக்கிறது என்பதை அந்த விளையாட்டே பாதி ஒழுங்குபடுத்திவிடுகிறது. கெட்டித்தனமான யோசனை.

என்ரை அம்மாவும் ஒரு இல்லத்தில் இருக்கிறா. மறதி வந்தபிறகு, இஞ்சை வந்து படித்த இங்கிலீசுதான் முதலில் போனது. பிங்கோ மண்டபத்தில் அவவையும் கொண்டுபோய் இருத்துவார்கள், பேசாமல் இருப்பா. தமிழ் கதைக்கும் ரொபோ ஒன்று அங்கே வந்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் தமிழ்? சென்னைப் பேச்சில் பழகிய இயந்திரத்துக்கு எங்கட 'உது', 'உவை', 'உங்கை' விளங்குமா? விளங்கவேண்டுமென்றால் எங்கட முதியவர்களின் குரல்களைப் பதிந்து கொடுக்கவேணும்.

அங்கேதான் எனக்குத் தயக்கம். கேட்கும் இயந்திரம் சம்மதித்தவரை மட்டுமல்ல, மண்டபத்தில் இருக்கிற எல்லாரையும் கேட்கும். சோதனைச் சாவடியில் பெயர் சொல்லவே யோசித்த சனம் நாங்கள். அந்த ஒலி எங்கே சேமிக்கப்படுகிறது, எத்தனை நாளைக்கு, ஆர் அதைக் கேட்கலாம் என்பதையெல்லாம் பிள்ளைகளே, எழுத்தில் கேட்டு வாங்குங்கோ. அம்மா அப்பாவால் இனிக் கேட்க ஏலாது.

போன கிழமை ரொபோவின் படமொன்றை அம்மாவுக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்தா. பிறகு, "உது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டா. எனக்கு மறுமொழி வரவில்லை.

வடை ஆறப்போகுது.